மூன்று சுவர் தாண்டும்

வீட்டில் இருந்தவை மூன்று. பட்டியல் நான்கு என்றது.

பாவ்லியாங் சோபாவில் கால் நீட்டியபடி, ரௌட்டரில் இணைந்திருப்பவற்றைக் கைபேசியில் மறுபடி எண்ணினான். அவன் கைபேசி ஒன்று. டிவி ஒன்று. கூடத்து மூலையில் நாள் முழுக்க முனகிக்கொண்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று. மழை ஓயாத கீலுங் துறைமுகத்தில் அது இல்லாமல் குடித்தனம் நடத்தினால் சட்டைப் பையில் காளான் முளைக்கும், இப்போதெல்லாம் அதுவும் வைஃபை கேட்கிறது. நான்காவதற்குப் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு. பக்கத்தில் சிக்னல், ஒரே ஒரு கட்டம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மணி மூன்று நாற்பது.

எதிர்வீட்டு வாடகைக்காரன் திருடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தான். நினைத்ததும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இந்த ரௌட்டரையும் ஒருவன் திருடத் தகுந்ததாக மதித்திருக்கிறானே. தள்ளுபடியில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது யுவானுக்கு வாங்கியது. பெட்டியின் மேல் ஒரு வீட்டின் படம், அதில் மூன்று சுவர், மூன்றையும் துளைத்துக்கொண்டு போகும் நீல அலை, கீழே பெரிய எழுத்தில் 'மூன்று சுவர் தாண்டும்'. வாங்கி வந்த அன்றே யூலான் பின்னறைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உன்ன மாதிரியேதான் இருக்கு. விலை கம்மி, ரெண்டு சுவர்லயே மூச்சு வாங்குது."

அவன் சிரித்தான். அவன் ஸ்கூட்டர் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக மனைவி சொல்லும் கிண்டலுக்குச் சிரித்துப் பழகியவன். அன்று சிரிக்காமல் போய் ஆயிரத்து நானூறு யுவான் ரௌட்டரை வாங்கி வந்திருக்கலாம்.

ஏனென்றால் அதன் பிறகு அவள் அந்தக் கட்டிலை விட்டு அதிகம் எழவில்லை. நோய் ஈரலைப் பிடித்த பிறகு எல்லாச் செலவையும் குறைத்தார்கள். வீட்டிலேயே இருப்பவளுக்குச் சிம் கார்டு எதற்கு, வைஃபைதான் இருக்கிறதே என்று மாதக் கட்டணத்தை ரத்து செய்தது அவன்தான். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் கடையில் ஒரு கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். கைபேசி பக்கத்து மேசையிலேயே இருந்தது. அடிக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் கை மெத்தைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, கைக்குக் கீழே தரையில் அவளுடைய கைபேசி, அதன் திரையில் அவன் பெயர் வரிசையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, பதினேழு முறை. முதலாவது மூன்று நாற்பதுக்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பில்: இணைக்க முடியவில்லை.

அவள் என்ன சொல்ல நினைத்தாள் என்பது அவனுக்குத் தெரியாது. ஐந்து மாதமாக அவனுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

அதனால்தான் முந்தைய நாள், சந்திரக் கணக்கில் ஏழாம் மாதப் பதினைந்தாம் தேதி, தெருவே கூடி நல்ல அண்ணன்மாருக்குப் படையல் போட்டபோது, அவன் படையலோடு எரித்து அனுப்பும் காகிதச் சாமான் விற்கும் கடைக்குப் போனான். இறந்தவர்களுக்குக் கதவு திறந்திருக்கும் இந்த மாதத்தில் அவர்களை வேறு பெயரால் யாரும் சொல்வதில்லை, கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடைக்காரம்மா காகித வீடு, காகிதக் கார், காகித மசாஜ் நாற்காலி எல்லாம் காட்டினாள். மூன்று ஆன்டெனா வைத்த காகித ரௌட்டர்கூட இருந்தது. ஆயிரம் வருட உத்தரவாதம் என்று அச்சடித்திருந்தார்கள். அவனுடைய நிஜ ரௌட்டருக்கு ஒரு வருடம்தான். அவன் காகிதக் கைபேசி மட்டும் வாங்கினான். அவளுக்குப் புது இணைப்பு எதற்கு. வீட்டு இணைப்பிலேயே வரட்டும். கைபேசியின் முதுகில் தூரிகைப் பேனாவால் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி, பெரிய எழுத்து எது, சிறிய எழுத்து எது என்று மூன்று முறை சரிபார்த்து, மழை விட்ட நேரமாகப் பார்த்துத் தெருவில் இரும்புத் தொட்டியில் போட்டான். சாம்பல் சுழன்று மேலே போனது. நன்றாக எரிந்தது என்று பக்கத்தில் நின்றவர் பாராட்டினார்.

இப்போது பட்டியலில் நான்கு.

அவன் கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தான். ஒரே ஒரு கட்டம் எங்கே காட்டுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. கூடத்தில் நான்கு கட்டம். செருப்பு அலமாரி பக்கம் மூன்று. கதவைத் திறந்து படியிறங்கினால் இரண்டு. கீழே, தெருவாசலில், துருப்பிடித்த தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒன்று. அதைத் தாண்டினால் எதுவும் இல்லை. மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, ஐந்து மாதமாகத் திறக்காத பின்னறையைத் திறந்து, ஈரத்தில் ஊறிய பஞ்சு வாசனையும் மருந்து வாசனையும் கலந்து முகத்தில் அடிக்க, கட்டிலில் அவள் தலையணை இருக்கும் பக்கமாகக் கையை நீட்டினான்.

ஒரு கட்டம்.

ஆக இரண்டே இடம். ஒன்று தெருவாசல். இன்னொன்று இந்தத் தலையணை. பாவ்லியாங் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான். பிறகு வெட்கப்பட்டு எழுந்துபோய் நூடுல்ஸ் வேகவைத்தான். இரண்டு பேருக்கு.

மறுநாள் அதற்கு இரண்டு கட்டம் இருந்தது. கூடவே இன்னொன்று புதிதாக, பெயர் இல்லாமல், ஒரு கட்டத்தோடு. செவ்வாய்க்கிழமை ஏழு. அவை எதையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. படம் இல்லை, பாட்டு இல்லை. ரௌட்டர் கணக்கில் ஒரு துளிகூடச் செலவாகவில்லை. சும்மா இணைந்திருந்தன. மழைக்கு ஒதுங்கிய ஆட்களைப் போல.

புதன்கிழமை யூலானின் தங்கை சியூ வந்தாள். காலைச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறவள். மீந்த முள்ளங்கிக் கேக்கை ஒரு டப்பாவில் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"அத்தான், என்ன வாடை இது? வீட்டுக்குள்ளயே காயிதம் கொளுத்துறீங்களா?"

"ரௌட்டர் சூடாகுது."

"சூடாகாம? அக்கா சொன்னப்பவே தூக்கிப் போட்டிருக்கணும்." அவள் ரௌட்டர் பக்கம் போனாள். அதன் தலையில் ஒரு பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது. தேங்காய் வாசனை போட்ட சோளப்பொரி. அதன் பெயருக்கே சமர்த்தாக இரு என்று அர்த்தம். தீவு முழுக்க மருத்துவமனைக் கணினியிலிருந்து பணம் எடுக்கும் இயந்திரம்வரை எல்லாவற்றின் தலையிலும் ஒன்று இருக்கும். பச்சைதான் வைக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது, யாரும் தின்னக் கூடாது. "மார்ச்சோட தேதி முடிஞ்சுபோச்சே இது. எப்படி சமர்த்தா இருக்கும்?"

அவள் அதை எடுத்தாள். எடுத்த கை சட்டென்று மேலே போனது, நிறைந்த வாளி என்று நினைத்துக் காலி வாளியைத் தூக்கியதுபோல. பொட்டலத்தைக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். ஒட்டு பிரியவில்லை. ஓட்டை இல்லை. உள்ளே எதுவும் இல்லை.

சியூ அதை மெதுவாகத் திரும்ப வைத்தாள். "அக்காவுக்கு ஃபோன் எரிச்சதா சொன்னீங்களே. பேரு எழுதுனீங்களா?"

"பாஸ்வேர்டு எழுதினேன். மூணு தடவ பாத்தேன்."

"பேரு, அத்தான். வாங்கிக்கிறவங்க பேரு. அக்கா பேரு."

ஈர உறிஞ்சி முனகியது. துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதிவிட்டு நிறுத்தியது.

"பதினஞ்சாம் தேதி," என்றாள் சியூ, "நடுத்தெருவுல, பேரில்லாத ஃபோன், பின்னாடி உங்க வீட்டு பாஸ்வேர்டு. நீங்க ஸ்கூட்டர் ரிப்பேர் பண்ற லட்சணத்துலயே இதையும் பண்ணியிருக்கீங்க." அவள் எப்போதும் பேசும் கிண்டல்தான். ஆனால் கண் கூடத்து மூலைகளைத் துழாவியது. "யாரு வேணா எடுத்துக்கலாமே, அத்தான். யாருமில்லாதவங்க எத்தன பேரு அலையுறாங்க."

"பாவம்தான?" என்றான் அவன். "அவங்களுக்கு யாரு எரிப்பா?"

"பாஸ்வேர்டை மாத்துங்க."

"மாத்திட்டா அவ எப்படி வருவா? அவளுக்குப் பழசுதான் தெரியும்."

சியூ டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். அவளும் அக்காவை இழந்தவள். வாசலில் செருப்பு மாட்டும்போது தரையைப் பார்த்தே சொன்னாள்: "இருபத்தொம்பதாம் தேதி கதவை மூடிருவாங்க. அதுவரைக்கும் ரௌட்டரப் பிடுங்கி வச்சுட்டு எங்க வீட்டுக்கு வந்துருங்க. நான் கெஞ்சிக் கேக்குறேன்."

வருகிறேன் என்றான். போகவில்லை. இருபத்தொன்பது வரைக்கும்தான் யூலானுக்கும் நேரம். அதற்குப் பிறகு அடுத்த வருடம். தெரிந்த ஒரு குரலுக்காக ஒரு கூடம் நிறைய அந்நியர்களைப் பொறுத்துக்கொள்ள முடியாதா என்ன. திருமணப் பந்தியில் பொறுத்துக்கொள்கிறோம்.

இருபத்தைந்தாம் தேதி சூறாவளி. ஊருக்கே விடுமுறை. ஜன்னல் கண்ணாடியில் பட்டையாக நாடா ஒட்டிவிட்டு அவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். மதியம் மூன்று மணிக்கே வெளிச்சம் வடிந்துபோய்ச் சுவரெல்லாம் கழுவாத மீன்தொட்டியின் பச்சையில் இருந்தது. மலைப்பக்கமிருந்து வந்த காற்று மாடிப்படியின் இடுக்குகளில் நுழைந்து நுழைந்து யாரோ வாயைத் திறக்காமல் பாடுவதுபோல் இழுத்தது. மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து அறைந்தது. அந்த இரைச்சலுக்கெல்லாம் அடியில், மிக அருகில், ரௌட்டர் மெல்லிய சீழ்க்கைபோல் ஒரு சத்தத்தை விடாமல் போட்டுக்கொண்டிருந்தது. எரிந்த காகிதத்தின் வாசனை இப்போது வீட்டின் வாசனையாகவே ஆகிவிட்டிருந்தது. தரையைத் தடவினால் விரலில் சாம்பல்.

பட்டியலைத் திறந்தான். முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு. பெட்டியில் அதையும் போட்டிருந்தார்கள்: ஒரே நேரத்தில் முப்பத்திரண்டு வரை. அதற்கு மேல் இந்த விலைக்குக் கிடைக்காது. அவன் கைபேசி, டிவி, ஈர உறிஞ்சி. மீதி இருபத்தொன்பது கோடுகள்.

இருபத்தொன்பதுக்கும் நான்கு கட்டம்.

நான்கு கட்டம் என்றால் கூடம். அதை அவனே நடந்து அளந்திருக்கிறான். அவன் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்பினான். டிவி மேசை. நாற்காலி. முள்ளங்கிக் கேக் டப்பா. காலி இடம். நிறையக் காலி இடம்.

மின்சாரம் போனது.

ஈர உறிஞ்சி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஐந்து மாதமாக அது நின்றதே இல்லை. அதன் முனகலுக்கு அடியில் இத்தனை நாளும் இன்னொரு சத்தம் இருந்திருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. துணி உரசும் சத்தம். நெருக்கமாக நிற்பவர்கள் கால் மாற்றிக்கொள்ளும் சத்தம்.

ரௌட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பட்டியலில் டிவி மறைந்தது. ஈர உறிஞ்சி மறைந்தது. முப்பது என்றது. அவன் கண் இமைப்பதற்குள் இரண்டு புதிய கோடுகள். முப்பத்திரண்டு.

எழுந்து ஓடிவிடலாம். கதவு ஒன்பது அடியில் இருந்தது. அவன் எழுந்தே விட்டான். அப்போது கைபேசி அடித்தது.

திரையில் யூலான். இரவுச் சந்தையில் கணவாய்க் குச்சியைக் கடித்துக்கொண்டு கண்ணடிக்கும் படம்; அவனே எடுத்தது. அவளுடைய கைபேசி அலமாரியில், பிஸ்கட் டப்பாவுக்குள், சார்ஜ் செத்துக் கிடக்கிறது. மணி மூன்று நாற்பது. அவன் பச்சைப் பொத்தானை அழுத்தினான். இணைக்கிறது என்றது. வட்டம் சுற்றியது. இணைக்க முடியவில்லை.

மறுபடி அடித்தது. அழுத்தினான். இணைக்க முடியவில்லை.

மறுபடி.

"இரு," என்றான். "இருடி, எடுக்குறேன், எடுத்துட்டேன்." ஜன்னல் பக்கம் ஓடினான். சமையலறைக்கு ஓடினான். கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கினான், அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு தூக்கியதைப் போலவே. போகும் வழியில் எதுவும் அவனை இடிக்கவில்லை. ஆனால் தோளில், முழங்கையில், ஈரத் துணியைத் தொட்டதுபோல் குளிர் குளிராகப் பட்டது. ஐந்து. ஒன்பது. பதிமூன்று. ஒவ்வொரு முறையும் அதே வட்டம், அதே சிவப்பு. அன்றைக்குக் கட்டிலில் இப்படித்தான் இருந்திருக்கும். இதைத்தான் அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

பதினாறாவதும் அறுந்தபோது அவனுக்குப் புரிந்தது. அவள் இந்த முப்பத்தொருவரில் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. வெளியே நிற்கிறாள். உள்ளே இடம் இல்லை.

அன்று பதினேழுதான். அதற்குப் பிறகு அவள் அழைக்கவில்லை.

பட்டியலைத் திறந்து கோடுகளை ஒவ்வொன்றாக நீக்கினான். நீக்கினால் அதே இடத்தில் மறுபடி வந்தன. முப்பத்தொன்று. முப்பத்தொன்று. முப்பத்தொன்று. திரும்பி வராமல் போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெயர் உள்ள ஒன்று. அவனுடையது.

தன் பெயரைத் தானே நீக்கினான்.

கைபேசி வைஃபையை விட்டுத் தெருக் கோபுரத்தின் மெலிந்த சிக்னலுக்குத் தாவியது. பட்டியல் ஒரு முறை மங்கித் திரும்பத் தெளிந்தது. கடைசி வரியில் கோடு இல்லை. எழுத்துகள். யூலான். பக்கத்தில் ஒரே ஒரு கட்டம்.

தலையணை.

பதினேழாவது முறை அடித்தது.

அடிக்க அடிக்கவே அவன் நடந்தான். கூடம். ஒரு சுவர். சமையலறை. இரண்டு. பின்னால் துணி உரசியது. அவன் நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது. பின்னறைக் கதவைத் தள்ளினான். மூன்று.

கட்டில் காலி. மெத்தை தட்டையாக இருந்தது. தலையணையில் மட்டும் ஒரு பள்ளம்.

பச்சைப் பொத்தானை அழுத்தினான். வட்டம் சுற்றியது. இந்த முறை நின்றது.

படம் வந்தது. படுத்திருக்கும் ஒருவர் கையில் பிடித்த கோணத்தில், கட்டிலிலிருந்து வாசலைப் பார்த்து. வாசலில் அவன். கையில் ஒளிரும் கைபேசியோடு, வாய் திறந்து, நனைந்த கோழியைப் போல. அவளாயிருந்தால் அதைச் சொல்லிக் கிண்டலடித்திருப்பாள்.

"யூலான்."

அவள் மூச்சு கேட்டது. அவள் மூச்சுதான். வேகமாக, பயந்துபோய். பிறகு குரல், துண்டு துண்டாக: "ஏய்... நான் அன்னிக்கு... உன்கிட்ட..."

அங்கே உறைந்தது. மூன்றாவது சுவரில்.

குரல் நின்றது. படம் நின்றது. நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கியது. உறைந்த படத்தில் வாசலில் அவன் நிற்கிறான். அவன் தோளுக்கு மேலே ஒரு முகம். அந்த முகத்துக்குப் பின்னால் இன்னொன்று. சமையலறைவரை, கூடம்வரை, நெருக்கியடித்துக்கொண்டு, எல்லார் முகத்திலும் கீழிருந்து அடிக்கும் நீல வெளிச்சம், எல்லார் கையிலும் ஓரம் கருகிய அதே காகிதக் கைபேசி, எல்லாக் கண்களும் அவனுடைய அழைப்பின் மேல். யாருக்கும் அழைக்க ஆளில்லாதவர்கள். முன்வரிசையில் இருப்பவரின் கை பாதி நீண்டிருக்கிறது. அவன் காதிலிருந்து ஒரு விரல்கடை தூரத்தில்.

கழுத்தின் பின்புறம் சாம்பல் வாசனையோடு ஒரு மூச்சு.

சிவப்புப் பொத்தான் அவன் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது. அழுத்தினால் திரும்பலாம். ஓடலாம்.

அவன் அழுத்தவில்லை. கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் பேசி முடிக்கட்டும். வட்டம் சுற்றியது. உறைந்த படத்தில், வாசலில் நிற்பவனின் காதுக்கும் அந்தக் கைக்கும் நடுவே, இப்போது விரல்கடை இல்லை.